புதுத் துரை

நாம் குடியிருப்பது தம்போய். இவ்வூர்ப் பெயரைக் கேட்டதும் வெளிமாநிலத்து நண்பர்கள் புன்னகை செய்வதுண்டு. 1937-ஆம் ஆண்டு முதல் இங்கு ஒரு மனநோய் மருத்துவமனை இருந்து வருவதால், ‘தம்போய்க்கு அனுப்ப வேண்டியவன்’ என்று ஒருவரையொருவர் ஏசிக் கொள்வது பலருக்கு வழக்கமாகி விட்டது. நோயுற்றவர்களைப் பரிகாசப் பொருளாக்கும் இவ்வழக்கம் நமக்குச் சிறிதும் சம்மதமில்லை. தம்போய் என்பது உண்மையில் ஒரு காட்டுப் பழத்தின் பெயர். ஆயினும் மருத்துவமனைக்கு வெளியே, ஒட்டுக்கடைகளிலும் அடுக்கு வீடுகளின் மாடிப்படிகளிலும், வைத்தியம் பிடிபடாத ஒரு பைத்தியம் இவ்வூரில் உண்டென்பதை மறைப்பதற்கில்லை. அது பந்துப் பைத்தியம்.

நாமோ கூலாய்க்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். சிறு வயதில் விடியுமுன் எழுந்து, பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களாதலால், கடையில் ஆங்கிலப் பத்திரிகை வந்தால் அது நேராக நமது மேசைக்கே வந்து சேரும். மின்சாரக் கட்டண நோட்டீசு, வங்கிக் கடிதம், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, எல்லாவற்றிற்கும் நாமே பொருள் சொல்ல வேண்டும். இதனால் நமக்கு ஓசித் தேநீர் கிடைப்பதுண்டு. மதிப்பும் கிடைப்பதுண்டு. அம்மதிப்புக்கு நாம் தகுதியுடையவரா என்பது வேறு சங்கதி. அதைப் பின்னால் சொல்லுவோம்.

2024-ஆம் ஆண்டில் ஒரு மாலை அவ்விதமே ஒரு பத்திரிகை வந்தது. ஜொகூர் டாருல் தாக்சிம் பந்துக் கழகத்திற்குப் புதிய தலைமை நிர்வாகி நியமிக்கப்பட்டிருக்கிறார் என்பது செய்தி. நியமனம் பெற்றவர் ஸ்பெயின் தேசத்தவரான லூயிஸ் கார்சியா. அதற்கு முன் அப்பதவியை வகித்தவர் ஆஸ்திரேலியரான அலிஸ்டர் எட்வர்ட்ஸ். முந்தையவரின் பெயர் கடையில் இரண்டொருவருக்குத்தான் தெரிந்திருந்தது. லூயிஸ் கார்சியாவின் பெயரையோ அறியாதவர் இல்லை. 2005-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் லிவர்பூல் அணிக்காக அவர் செல்சிக்கு எதிராக அடித்த பந்து கோட்டைத் தாண்டிற்றா இல்லையா என்று உலகம் இன்னும் விவகாரம் செய்து கொண்டிருக்கிறது. நடுவர் தாண்டிற்று என்றார். லிவர்பூல் இறுதியாட்டத்துக்குப் போயிற்று. அம்மாதமே இஸ்தான்புல் நகரில், மூன்று கோல் பின்தங்கியிருந்து சமன் செய்து, ஐரோப்பியக் கோப்பையையும் தூக்கிற்று. அக்காலத்தில் நம் கடையில் இருந்த பெட்டித் தொலைக்காட்சியின் முன் விடியற்காலையில் விழித்திருந்தவர்கள் பலர். மறுநாள் பெரட்டுக்குப் பிந்தி வந்து அரைநாள் கூலியை இழந்தவர்களும் உண்டு.

ஆகவே செய்தியைக் கேட்டதும் கடையில் ஒரு பாராளுமன்றமே கூடி விட்டது. லோரி ஓட்டும் தோழர் ஒருவர், “ஆடினவன் வந்தால்தான் ஆடுகிறவன் கஷ்டம் தெரியும்” என்றார். சிங்கப்பூருக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வரும் இளைஞர் இதை ஒப்பவில்லை. பந்து உதைப்பது வேறு, கணக்குப் பார்ப்பது வேறு, நல்ல சமையற்காரன் நல்ல கடைமுதலாளி ஆவானென்பது என்ன நிச்சயம் என்று கேட்டார். வேறொருவர், இவர் 2014-இல் இந்தியாவின் சூப்பர் லீக் முதன்முதல் நடந்தபோது கொல்கத்தா அணிக்கு ஆடினவர், அவ்வாண்டு அவ்வணியே வென்றது, ஆகவே கிழக்குத் தேசத்து வெயிலும் ஜனங்களும் இவருக்குப் புதிதல்ல என்று எடுத்துக் காட்டினார். கடைக்காரர் மாத்திரம், “டிக்கெட்டு விலை ஏறுமா, இறங்குமா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள், கிராணி” என்றார்.

மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இவை எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, “புதுத் துரை வந்தால் முதலில் எதை வெட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னே பேசுவதெல்லாம் வீண்” என்று ஒரே வார்த்தையில் சபையைக் கலைத்தார். அவரைப் பற்றியும் பின்னால் சொல்லுவோம்.

ஜொகூர்க்காரர்களுக்கு இக்கழகத்தின்மேல் இத்தனை பற்று ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். நம் மாநிலம் மலேசியக் கிண்ணத்தை வென்றது 1985-இல் ஒரு முறை, 1991-இல் ஒரு முறை. 1991-இல் லீக் பட்டமும் கூடவே வந்தது. அதன்பின் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வெற்றிகள் தகப்பனார் சொல்லும் கதைகளாக மாத்திரமே இருந்தன. 2012-இல் இளவரசர் துங்கு இஸ்மாயில் மாநிலப் பந்துச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 2013 முதல் கழகம் புதுப் பெயருடனும் புதுப் பணத்துடனும் நடக்கலாயிற்று. 2014-இல் பிடித்த லீக் பட்டத்தை 2024-25 வரையில் ஓராண்டும் பிறர் கைக்கு விடவில்லை. 2015 அக்டோபர் 31-இல், தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இஸ்திக்லோல் அணியை ஒரு கோலுக்கு வென்று, ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணத்தைத் தென்கிழக்காசியாவில் முதன்முதல் அடைந்த கழகமும் இதுவே.

இவ்வளவும் பெருமைக்குரியனவே. ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. முன்பு ஆட்டங்கள் லார்க்கின் திடலரங்கில் நடந்தன. தம்போயிலிருந்து அது கூப்பிடு தூரம். கையில் காசில்லாதவன்கூட நடந்து போய், வெளியே நின்று, உள்ளே எழும் இரைச்சலைக் கொண்டே கோல் விழுந்ததா இல்லையா என்று அறிந்து கொள்ளலாம். 2020-இல் இஸ்கண்டார் புத்ரியில் 40,000 பேர் அமரும் சுல்தான் இப்ராஹிம் அரங்கு திறக்கப்பட்டது. அழகில் அதற்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் வாகனம் இல்லாதவன் அங்கு போவது எளிதன்று. ஆண்டுதோறும் ஒருவரே வெல்லும் பந்தயத்தைப் பார்ப்பதில் எத்தனை ருசி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். இதைச் சொன்னால் கடையில் நம்மைத் துரோகி என்கிறார்கள்!

நிற்க. தலைமை நிர்வாகி என்பவர் யார்? அவர் முதலாளி அல்லர். முதலாளியின் சம்பளக்காரர். தோட்டத்துத் துரையும் அப்படியே. லயத்துக்கு அவர் தெய்வம் போலத் தோன்றினாலும், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் அவரும் நம்மைப் போலவே எழுந்து நின்று வாசிப்பார். ரசிகர்களின் கோபமும் கொண்டாட்டமும் இந்நடுவாளின்மீதே விழுகின்றன. ஏனெனில் கண்ணுக்குத் தெரிகிறவர் அவரே.

முதலாளியின்மீதே கோபத்தைத் திருப்பிய ரசிகர்களும் உலகில் இல்லாமலில்லை. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் கழகத்தை 2010-இல் நம் மலேசியச் செல்வர் வின்சென்ட் டான் வாங்கினார். நெடுங்காலமாக நீலம் உடுத்திய அவ்வணியை 2012-இல் சிவப்பு உடுத்தச் செய்தார். ஆசியச் சந்தையில் சிவப்பு எடுபடும், அது மங்கல நிறம் என்பது வாதம். நிறத்தில் என்ன மங்கலம் இருக்கிறதோ நமக்கு விளங்கவில்லை. அவ்வூர் ஜனங்கள் விடாமல் முணுமுணுத்தார்கள், கூவினார்கள், ஊர்வலம் போனார்கள். 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. இதை நாம் கடையில் சொன்னபோது, “அவர்கள் சட்டைக்குச் சண்டை போட்டார்கள். நாம் எதற்குப் போட்டோம்?” என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இங்கிலாந்தின் வடபகுதியில் ரக்பி லீக் என்றொரு ஆட்டம் இருக்கிறது. அது பிறந்த கதை தோட்டத்தார் அறியத்தக்கது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அந்நேரக் கூலி போய்விடும். அவ்விழப்பை ஈடு செய்ய வேண்டும் என்று வடபகுதிக் கழகங்கள் கேட்டன. கூலியை எதிர்பாராமல் ஆடக்கூடிய கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்டு 29-இல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஹோட்டல் ஒன்றில் 20-க்கும் மேற்பட்ட கழகங்கள் கூடித் தனியே பிரிந்து போயின. அரைநாள் கூலியிலிருந்து ஓர் ஆட்டமே உண்டாயிற்றென்றால் அதை என்னவென்பது! நம் தோட்டத்து அணியும் மாவட்டப் போட்டிக்குப் போகும் நாட்களில் அரைநாளை இழந்தே போயிற்று. ஈடு கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை. அணியின் கணக்கை எழுதிய நமக்கும் தோன்றவில்லை.

இனிப் பெரியவர் கதைக்கு வருவோம். அவர் நம் தோட்டத்து அணியின் கோல்காவலராக இருந்தவர். பால் வெட்டின காலத்திலும், பால்மரம் போய்ச் செம்பனை வந்த காலத்திலும் அங்கேயே இருந்தார். லயத்துக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் நடுவே ஒரு திடல் இருந்தது. முக்கால் ஹெக்டரும் தேறாது. மழை பெய்தால் ஒரு பக்கம் குளம். அத்திடலில்தான் தீபாவளிப் பந்தயம், பொங்கல் ஓட்டப் பந்தயம், பள்ளி விளையாட்டு எல்லாம். முற்காலத்துத் துரைமார் கள்ளுக்கடைக்குத் தாராளமாக இடம் ஒதுக்கினார்கள். அவர்கள்கூட அத்திடலை விட்டு வைத்திருந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்திற்குப் புது மானேஜர் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர். தொழிலாளரைக் கூட்டி ஆங்கிலத்தில் பேசினார். நாம் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னோம். கூட்டத்திலிருந்து இப்பெரியவர் எழுந்து, திடலுக்கு இரண்டு கோல்கம்பமும் ஒரு வடிகாலும் வேண்டும் என்று கேட்டார். திடலின் நிலை மறுபரிசீலனைக்கு உட்பட்டது என்று மானேஜர் சொன்னார். அதன் பொருள் நமக்கு நன்றாகவே தெரியும். பதினோராண்டு ஆங்கிலம் படித்தவர்களுக்கு அது தெரியாமற் போகாது. ஆனால் எதிரே இருந்த முகங்களைப் பார்த்தோம். முதல் நாளே மனக்கசப்பு எதற்கு என்று எண்ணினோம். நம் உத்தியோகத்தைப் பற்றியும் எண்ணினோம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். “திடலை ஐயா கவனித்துக் கொள்வார்” என்று மொழிபெயர்த்தோம். கைதட்டினார்கள். மானேஜர் தமக்கே கைதட்டியதாக எண்ணிப் புன்னகை புரிந்தார்.

ஐயா கவனித்துத்தான் கொண்டார். நாலாம் மாதம் திடலில் அடையாளக் கோல்கள் நடப்பட்டன. ஹெக்டருக்கு 136 கன்று என்னும் வழக்கமான கணக்கில், அவ்விடத்துக்கு நூறு கன்றுகூடத் தேவைப்படவில்லை. அக்கன்றுகளைப் புத்தகத்தில் வரவு வைத்தது நமது கையே. மரங்கள் இன்று குலை தள்ளி நிற்கின்றன. மாதம் எத்தனை குலை என்பதும் நமக்குத் தெரியும். அதை இங்கு எழுத மனம் வரவில்லை. தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாய் நகரத்துக்குப் பெயர்ந்தன. லயத்தில் இப்போது இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களும் மாலையில் பந்து உதைக்கிறார்கள், ஆலைக்குப் போகும் செம்மண் சாலையில், லோரி வரும்போது ஒதுங்கி ஒதுங்கி. பெரியவர் தம்போயில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எப்போதும்போல் நம்மைத் தம்பி என்றே அழைக்கிறார். திடலைப் பற்றி ஒருநாளும் பேசினதில்லை.

அன்று மாலை கடை ஓய்ந்த பிறகு அவர் பத்திரிகையை எடுத்து நம்மிடம் நீட்டினார். “புதுத் துரை என்ன சொல்லியிருக்கிறார், தம்பி? படித்துச் சொல்லுங்கள்” என்றார். பிறகு சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, “உள்ளதை உள்ளபடி” என்றார்.

நமக்குக் காது சுட்டது. கடைக்காரர் விளக்கொன்றை அணைத்துவிட்டு, நமக்காக மற்றொன்றை விட்டு வைத்தார். நாம் முதல் வரியிலிருந்து தொடங்கி, ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல், பொருள் தெளிவாக இல்லாத இடங்களில் தெளிவாக இல்லை என்றே சொல்லி, முடிவு வரையில் படித்தோம். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

“இதில் டிக்கெட்டு விலையைப் பற்றி ஒன்றுமில்லையே?”

“இல்லை, ஐயா.”

“லார்க்கினைப் பற்றி?”

“அதுவும் இல்லை.”

“சரி. மறுபடியும் ஒருமுறை படியுங்கள்” என்று நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டுக் கொண்டார்.