மரப்பெட்டியில் வந்த எஞ்சின்

டெட்ராய்ட் நகருக்கு வடக்கே, வுட்வர்ட் அவென்யூவிலிருந்து இரண்டு தெரு தள்ளி நாங்கள் இருவரும் குடியிருக்கிறோம். ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையன்று எங்கள் வீட்டில் யாரும் தூங்க முடியாது. 1995இல், சிறுவர்களுக்கு ஒரு கால்பந்துத் திடல் அமைக்க நிதி திரட்டுவதற்காகத் தொடங்கிய பழைய கார்களின் ஊர்வலம் அன்றைக்குத்தான் நடக்கும். அதில் பெரும் இரைச்சலுக்குக் காரணம் ‘மசில் கார்’ எனப்படும் வகை. நடுத்தர உடலுக்குள் பெரிய எஞ்சினைத் திணித்து அறுபதுகளில் அமெரிக்கர்கள் செய்த கார்கள் அவை. 1964இல் பான்டியாக் நிறுவனம் சுமார் 300 டாலர் கூடுதல் விலைக்கு ஜிடிஓ என்ற தொகுப்பைத் தந்ததையே இவ்வகையின் தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இருப்பது 1970ஆம் ஆண்டு ஷெவெல் எஸ்எஸ் 396. பெயரில்தான் 396, அதன் உண்மையான கொள்ளளவு 402 கனஅங்குலம். சிலிண்டரின் துளையைச் சற்றே அகலமாக்கிய நிறுவனம், புகழ்பெற்றுவிட்ட எண்ணை மாற்ற மனமில்லாமல் விட்டுவிட்டது. கொடுப்பதைவிடக் குறைத்துச் சொல்லும் விளம்பரம் வணிகத்தில் அரிதுதான்.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலையுதிர் காலத்தில், ரேடியேட்டரைக் கழற்றி மாட்டிய பெரியவர், உறையாமல் காக்கும் திரவத்தைப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம் என்று வெறும் தண்ணீரை நிரப்பிவிட்டு மறந்துபோனார். ஜனவரியில் தண்ணீர் உறைந்து, விரிந்து, வார்ப்பிரும்பாலான எஞ்சின் உடலைப் பிளந்துவிட்டது. அதன் பக்கவாட்டில் இருக்கும் சிறு தகட்டு மூடிகள் இத்தகைய வேளையில் பிதுங்கி வெளியேறி எஞ்சினைக் காக்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. உண்மையில், வார்க்கும்போது உள்ளே தங்கும் மணலை வெளியேற்ற விட்ட துளைகளுக்கான மூடிகளே அவை. காப்பாற்றினால் அது நம் அதிர்ஷ்டம்.

சேகரிப்பாளர்களுக்கு எஞ்சினில் பொறித்த எண்ணும் காரின் எண்ணும் பொருந்தியிருக்க வேண்டும். விலையில் பெரும்பகுதி அந்தப் பொருத்தத்துக்குத்தான். விரிசலைத் தைத்துச் சரிசெய்யும் பட்டறைகள் உண்டு என்றாலும், பிறகு அதை முடுக்கி ஓட்டத் துணிவு வேண்டும். “இன்னும் எத்தனை கோடை நான் கார் ஓட்டலாம் என்று கண் மருத்துவரைக் கேட்டேன். நான்கைந்து என்றார். எண் பொருந்துகிற கார் கொட்டகையில் நின்று எனக்கென்ன ஆகப்போகிறது?” என்றார் பெரியவர். அப்படித்தான் மரப்பெட்டி வந்தது.

தொழிற்சாலையிலேயே முழுதாகக் கோர்த்து, உத்தரவாதத்துடன், மரச்சட்டப் பெட்டியில் வைத்து அனுப்பப்படும் புதிய எஞ்சினைத்தான் ‘கிரேட் எஞ்சின்’ என்கிறார்கள். இதில் பேராசைக்கு எல்லையே இல்லை. மோப்பார் 2018இல் காட்டிய ‘ஹெலிஃபண்ட்’டின் திறன் 1000 குதிரை, 2019இல் அதன் விலை 29,995 டாலர். ஷெவ்ரலே 2021இல் அறிவித்ததோ 632 கனஅங்குலம், 1004 குதிரை. காரே இல்லாமல், ஒரு காரின் விலை. பெரியவர் வாங்கியது அடக்கமான எல்எஸ்3: 376 கனஅங்குலம், 430 குதிரை, அலுமினிய உடல், ஏறத்தாழ 10,000 டாலர். பழைய எஞ்சினுக்கு 350 குதிரை என்று எழுதியிருந்தார்கள். ஆனால் 1972க்கு முன் எஞ்சினைத் தனியே மேசையில் ஏற்றி, காற்று வடிகட்டியோ முழுப் புகைக்குழாயோ இல்லாமல் அளந்தார்கள். ஆகவே உண்மையான வேறுபாடு 80 குதிரையைவிட அதிகம்.

பெட்டியைத் திறந்த பிறகுதான் செலவு தொடங்கியது. கட்டுப்பாட்டுக் கணினியும் கம்பித்தொகுதியும் தனி விலை. கூடவந்த எண்ணெய்த் தொட்டி ஷெவெலின் குறுக்குச்சட்டத்தில் இடித்தது. வேறு வாங்க வேண்டியிருந்தது. எஞ்சினை நிறுத்தும் தாங்கிகளுக்கு இணைப்புத் தகடுகள் தேவைப்பட்டன. கார்புரேட்டர் போய் எரிபொருள் பீய்ச்சும் முறை வந்ததால், உயரழுத்த பம்புடன் புதிய பெட்ரோல் தொட்டியும் வேண்டியதாயிற்று. பிறகு கியர்பெட்டி, புகைக்குழாய், ரேடியேட்டர். இவ்வளவு விரையும் காரைப் பழைய பிரேக்குகளால் நிறுத்த முடியாது என்பதால் புதிய பிரேக்குகள். எங்களில் ஒருவர் எஞ்சின் மென்பொருள் எழுதிப் பிழைப்பவர் ஆகையால் கணினி வேலைக்குக் கூலி மட்டும் மிச்சம். பெரியவர் ஒரு நோட்டுப்புத்தகத்தில் கணக்கு எழுதிவந்தார். 22,000 டாலரைத் தாண்டியதும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஃபோர்டு நிறுவனம் 2021இல் 3,900 டாலருக்கு விற்ற மின்மோட்டாரைப் பற்றி வேடிக்கையாகச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “பாட்டரி?” என்றார். மின்கலமும் மாற்றியும் அந்த விலையில் சேராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் மாத மாலை ஒன்றில் எஞ்சின் முதன்முறையாக உயிர்பெற்றது. திருமணமான நாளிலிருந்து அந்தக் காரில் சென்றுவந்த அவருடைய மனைவி, படியில் நின்று சற்றுநேரம் கேட்டார். “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அது இல்லை” என்றார். கார்புரேட்டரின் இரைச்சல் போனதும் புதிய புகைக்குழாயுமே காரணம் என்று முதலில் நினைத்தோம். வேறொன்றும் உண்டு. பழைய ஷெவ்ரலே வி8இல் சிலிண்டர்கள் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் வெடிக்கும். எல்எஸ் குடும்பத்தில் 1-8-7-2-6-5-4-3. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினோம். அந்த அம்மையார் இரண்டு வரிசைகளையும் விரலால் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்து அந்த நோட்டுப்புத்தகத்துக்குள் வைத்தார். ஆகஸ்டில் இருவரும் கண்ணாடியை இறக்கிவிட்டு வுட்வர்டில் போனார்கள்.

விரிசல்விட்ட பழைய எஞ்சின் எண்ணெய் தடவி, கித்தான் போர்த்தி, கொட்டகை மூலையில் கிடக்கிறது. சென்ற மாதம் ஒருவர் வந்து அதன் எண்ணை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு விலை கேட்டுப் போனார். பெரியவர் இன்னும் பதில் சொல்லவில்லை.