மெல்லிய குழாயும் பற்றவைக்கும் கையும்

1957இல் காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்னும் இரண்டு இருக்கைக் கார் ஏறத்தாழ 500 கிலோ எடையோடு நின்றதற்கு அரிய உலோகம் எதுவும் காரணமன்று. சாதாரண எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்த சட்டகமும், அதன்மேல் ரிவெட் அடித்துப் பொருத்திய அலுமினியத் தகடுகளுமே காரணம். வேண்டிய உறுப்புகள் அனைத்தையும் லோட்டஸ் நிறுவனம் தானே செய்துகொள்ளவும் இல்லை. 1960இல் வந்த இரண்டாம் வரிசைக் காரில், முன்சக்கரத்தைத் தாங்கிநிற்கும் அப்ரைட் என்னும் உறுப்பு டிரையம்ஃப் ஹெரால்டிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னையின் தென்புறத்தில், வண்டலூரில், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்னும் பெயரில் தயாராயிற்று. 1973இல் செவனின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கும் ஆர்ச் மோட்டார்ஸ் என்னும் சிறிய வெளிப்பட்டறையே நெடுங்காலம் சட்டகங்களைப் பற்றவைத்துக் கொடுத்தது. ஆகவே, குறைந்த எண்ணிக்கையில் உருவாகும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் வரலாற்றில் பாதியை ஜாப் ஒர்க் பட்டறைகளின் வரலாறாகவே எழுத வேண்டும். கார் நூல்கள் வடிவமைப்பாளரோடு நின்றுவிடுகின்றன.

இந்தக் கோணத்தில் பார்த்தால், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் அமைந்த திருமுல்லைவாயில் குழாய்ச் சட்டகக் கலைக்கு அந்நியமான ஊரன்று. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலும், அதைத் தொடர்ந்து 1955இல் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆவடியிலும் அமைந்தன. பிரிட்டனில் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்திருந்த ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் 531 வகைக் குழாய், பந்தய மிதிவண்டிகளில் மட்டுமின்றி ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்சட்டகத்திலும் இடம்பெற்றது என்பதை நோக்கும்போது, மிதிவண்டிக்கும் இலகு காருக்கும் உள்ள உறவு தெளிவாகும். சிட்கோ தொழிற்பேட்டையும் மகளிர் தொழிற்பேட்டையும் உள்ள திருமுல்லைவாயிலில் குழாயை அறுப்பவரும் கடைபவரும் பற்றவைப்பவரும் கூப்பிடு தொலைவிலேயே இருக்கிறார்கள்.

முக்கோணச் சட்டகத்தின் தத்துவம் எளியது. நான்கு குழாய்களால் ஆன சதுரத்தை மூலையில் தள்ளினால் அது சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குழாயைப் பற்றவைத்துவிட்டால் இழுவிசையும் அமுக்கவிசையும் மட்டுமே குழாய்களின் நீளவாக்கில் செல்லுமாதலால், மெல்லிய சுவர் கொண்ட குழாயே போதுமானதாகிறது. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயின் சுவர் 1.6 மில்லிமீட்டராக இருந்தால் மீட்டருக்குச் சுமார் 1.18 கிலோவும், 1.2 மில்லிமீட்டராக இருந்தால் 0.9 கிலோவும் எடை வரும். 40 மீட்டர் குழாய் செல்லும் ஒரு சட்டகத்தில் இவ்வேறுபாடு 11 கிலோவாகப் பெருகுகிறது. 1980களின் இறுதியில் கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு உருவாக்கிய ஃபார்முலா மாருதிப் பந்தயக் காரும் சாதாரணக் காரின் உறுப்பை இலகுவான சட்டகத்தில் ஏற்றும் இந்த வழியையே பின்பற்றியது.

எடையைக் குறைத்த அதே மெல்லிய சுவர்தான் பற்றவைப்பவரின் சிக்கலாகிறது. டங்ஸ்டன் முனையில் எழும் வில்சுடரை ஆர்கான் வாயு சூழ்ந்து காக்கும் முறையைப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்றே சொல்கிறார்கள். இம்முறையில் 1.2 மில்லிமீட்டர் சுவரை ஒரு நொடி கூடுதலாகச் சுட்டாலும் ஓட்டை விழுந்துவிடும். எனவே வேலையின் கணிசமான பகுதி வெல்டருக்கு முன்பே ஃபிட்டரிடம் முடிந்துவிடுகிறது: உருண்டைக் குழாயின் முனையை மற்றொரு குழாயின் வளைவில் கச்சிதமாக உட்காருமாறு குடைந்து, அரத்தால் பிசிறு நீக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடைவெளி பார்த்த பிறகே துண்டு ஜிக்கில் ஏறுகிறது. ஜிக் என்பது குழாய்களை வரைபட அளவில் அசையாமல் பிடித்துவைக்கும் இரும்புத் தாங்கி. அதில் எல்லா மூட்டுகளும் முதலில் டேக் எனப்படும் சிறு பொட்டுகளால் பிடிக்கப்பட்டு, மூலைக்கு மூலை குறுக்களவு சரிபார்க்கப்பட்ட பின்னரே முழுப் பற்றவைப்பு தொடங்குகிறது. அதுவும் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் செல்லாமல், நடுவிலிருந்து வெளியே, இடமும் வலமும் மாறி மாறிச் செல்கிறது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கிக் குழாயைத் தன்பக்கம் இழுக்குமாதலால், எதிர்ப்பக்க இழுப்பைக் கொண்டே அதைச் சமன்செய்ய வேண்டியுள்ளது.

செவனின் சட்டகங்களில் கையாளப்பட்டது இதனினும் மென்மையான முறை. எஃகை உருக்காமல், சுமார் 900 பாகை செல்சியஸில் உருகும் பித்தளை வகைக் கம்பியை மட்டும் மூட்டில் ஓடவிடும் பிரேசிங்கில் குழாயின் வலிமை அதிகம் குறைவதில்லை; லக் என்னும் இணைப்புக் குழல் வைத்த பழைய மிதிவண்டிச் சட்டகங்களும் இவ்வாறே இணைக்கப்பட்டன. ஆர்கான் வேலை வேகமும் தூய்மையும் தருவதால் பிரேசிங் அறிந்த கைகள் குறைந்துவருவது இழப்பே.

பல்லாயிரக்கணக்கில் ஒரே உறுப்பைச் செய்து பீஸ் ரேட்டில் பணம் பெறும் திருமுல்லைவாயில் பட்டறைகளுக்கு ஒற்றைச் சட்டகம் லாபமான வேலையன்று. பொறியியல் மாணவர்கள் போட்டிக் காருக்காகக் கொண்டுவரும் வரைபடத்தில் நீளம், கோணம், சுவர்க் கனம் அனைத்தும் இருக்கும். எந்த மூட்டை எதற்குப் பின் பற்றவைப்பது என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த வரிசையை வெல்டரே முடிவுசெய்கிறார். அப்படியும் ஒரு குழாய் வளைந்துவிட்டால், வளைவின் புடைத்த பக்கத்தில் சூடு காட்டி, அது ஆறிச் சுருங்கும்போது குழாயை நிமிரச் செய்து, குறுக்களவை மீண்டும் எடுக்கிறார்.