ஏ பக்கம் மட்டும்

சனிக்கிழமை இரவு 11 மணிக்குச் சிறுசேரி சிப்காட்டில் ஒரு தரவு மையத்துக்குள் நுழைந்தேன். யாருடைய கட்டடம், எந்த வங்கி என்று எழுத மாட்டேன் என்ற வாக்கின்பேரில் கிடைத்த அனுமதி. உள்ளே மின்விசிறிகளின் இரைச்சல். பக்கத்தில் நிற்பவரிடமும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும்.

பழைய ஃபைபர் சேனல் சுவிட்ச் ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டுவதுதான் அன்றைய வேலை. சர்வர்கள் ஓர் அடுக்கில், அவற்றின் தரவு வேறோர் அடுக்கில். நடுவே இத்தகைய சுவிட்சுகளால் ஆன, வேறெந்தப் போக்குவரத்தும் கலக்காத தனி வலைப்பின்னல், 'சேன்' என்பார்கள். அதை ஏ, பி என்று இரட்டையாகக் கட்டுகிறார்கள். ஏ பக்கத்தில் கைவைக்கும்போது பி பக்கம் சுமை தாங்கும்.

பொறுப்பாளர் விருதுநகர்ப் பக்கத்துப் பெண், இந்த வேலையில் 14 ஆண்டுகள். உதவிக்கு ஓர் இளைஞர். பாலிடெக்னிக் முடித்துக் கேபிள் இழுக்க வந்தவர். கழற்றுமுன் ஒவ்வொரு சர்வரிலும் தரவுக்குப் போகும் பாதைகளை எண்ணினார். "எட்டுக்கா."

"எழுதிக்கோ. முடிச்சதும் அதே எட்டு வரணும்."

இளைஞர் கேபிள் நுனியைப் பேனா போன்ற துடைப்பானால் அழுத்தித் துடைத்து, குட்டி நுண்ணோக்கியில் பார்த்த பிறகே சொருகினார். ஒளி ஓடும் உள்ளிழை 50 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத தூசு போதும். இணைப்பு இருப்பதாகக் காட்டிக்கொண்டே பிழைகள் குவியும்.

திரையில் 16 இலக்க அடையாள எண்கள். ஒன்றைக் காட்டி எது என்று கேட்டேன். "50:06:01:6-ன்னு தொடங்குதில்ல சார், இ.எம்.சி. ஸ்டோரேஜ் பெட்டி." எந்த எண் எதனோடு பேசலாம் என்று வகுப்பதே ஸோனிங். ஓர் இலக்கம் பிசகினால் சர்வருக்குத் தன் டிஸ்கே தெரியாது.

இந்த வலைப்பின்னலின் நேர்த்தி என்னை ஈர்த்தது. பெறுபவர் தன்னிடம் எத்தனை இடம் காலி என்று முன்கூட்டியே சொல்வார். அனுப்புபவர் அதற்கு மேல் அனுப்ப மாட்டார். நெரிசல் வந்தாலும் சரக்கு கீழே விழுவதில்லை. ஆனால் மெதுவாக வாங்கும் ஒருவரால் பின்னால் நிற்கும் எல்லோரும் காத்திருக்க நேரும். ஒருமுறை இப்படித் தாமதம் வந்தபோது டேட்டாபேஸ்மேல் இரண்டு நாள் பழி சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பொறுப்பாளர்தான் சுவிட்சில் காத்திருப்புக் கணக்கைப் பார்த்து, ஒரு மூலையில் கிடந்த பழைய சர்வரைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"கிளவுட் வந்த பிறகும் இதுக்கு வேலை இருக்குமா?" என்றேன்.

"சிலது போச்சு சார், மறைக்க வேணாம். ஆனா பேங்க்ல கோர் டேட்டாபேஸ் இன்னும் இங்கதான் ஓடுது. வேகமான என்.வி.எம்.இ. முறை வந்தும் இதே வலைப்பின்னல்லதான் போகுது."

இந்தத் துறையில் ஆள் குறைவு என்பதன் காரணம் எனக்கு அங்கேதான் புரிந்தது. இந்தச் சுவிட்சைப் பெரும்பாலும் யாரும் வீட்டில் வாங்கிவைத்துப் பழகுவதில்லை. ஓடும் வங்கியில் தவறு செய்து கற்கவும் யாரும் விடமாட்டார்கள். தெரிந்தவர் பக்கத்தில் ராத்திரி ராத்திரியாக நின்றுதான் கைவரும். அந்த இளைஞர் இரண்டு வருடம் கேபிள் மட்டுமே தொட்டாராம். அன்றைக்கு முதல்முறையாக ஸோனிங் அவர் கையில். அவர் தட்டச்சு செய்ய, அக்கா ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படித்தார்.

மணி மூன்றரை. "எட்டுக்கா," என்றார். கேபிளின் இரு முனையிலும் லேபிள் ஒட்டினார்கள்.

பி பக்கத்தையும் இப்போதே முடித்துவிடலாமே என்றேன். அக்கா தலையசைத்து மறுத்தார். "ஏ ஒரு வாரம் ஓடட்டும் சார். பி அடுத்த சனிக்கிழமை."