கம்பியில்லாச் சங்கடம்

கம்பியில்லாத சாதனங்களில் இதுதான் சங்கடம்: கம்பி இருந்தால், அறுந்திருக்கிறதா என்று பார்க்கலாம், இல்லாத கம்பியை எங்கே பார்ப்பது?

வெளியூரில் என் பெண்ணின் முதல் வீணைக் கச்சேரி. படுக்கையிலிருந்த என் தகப்பனாருக்கு டாப்லெட்டின் சிறிய படம் தெரியவில்லை. எதிரேயிருந்த டெலிவிஷனோ டாப்லெட்டின் கண்ணில் படவேயில்லை! கச்சேரிக்கு இருபது நிமிஷந்தான் பாக்கி.

அணைத்துப் போடுவது நமது தேசீய வைத்தியம்; அது பலிக்கவில்லை. 2013-ல் வந்த குரோம்காஸ்ட் முறையில் டாப்லெட் படத்தைச் சுமந்து செல்வதில்லை. இன்னதைக் காட்டு என்று உத்தரவிடுவதோடு சரி. டெலிவிஷன் தானே இணையத்திலிருந்து வரவழைத்துக்கொள்கிறது. உத்தரவு போய்ச் சேர இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும். ரவுட்டரைப் பொருத்திய புண்ணியவானோ டாப்லெட்டை விருந்தாளிகளுக்கான வைஃபையில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். விருந்தாளி வீட்டுச் சாமான்களைக் காணக்கூடாது என்பது அந்த வைஃபையின் சட்டம். நல்ல சட்டந்தான்!

மாற்றினோம், பெண் திரையில் தோன்றினாள். ராகத்தின் நடுவே படம் திக்கிற்று. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு காப்பியைச் சுடவைத்துக்கொண்டிருந்தது. அதுவும் எங்கள் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைக்குப் பங்காளிகள். சண்டையைத் தவிர்க்க 5 கிகாஹெர்ட்ஸுக்குக் குடிபெயரலாம், அப்போது அவகாசமில்லை. காப்பி ஆறினால் ஆறட்டும் என்று என் மனைவி அடுப்பை நிறுத்தினாள்.

"உஸ்! தானம் ஆரம்பித்துவிட்டாள்" என்றார் தகப்பனார்.