வீடியோவை எங்கே நிறுத்துவது

திட்டக்குடிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கருவி இல்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை வந்துவிட்டது. மாநிலம் முழுக்க 22,931 தொடக்கப் பள்ளிகளுக்கான திட்டம் அது. 2018-இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்கள் மாறியபோது பாடத்தின் ஓரத்திலேயே க்யூஆர் கோடு ஏறியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் மணற்கேணி செயலி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் கொடுத்தாயிற்று. வெள்ளாற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, எங்கள் பள்ளிகளுக்கு வருடா வருடம் ஏதாவது ஒரு பெட்டி வந்து இறங்குகிறது.

பெட்டியின் பின்னாலேயே பயிற்சியும் வரும். கருத்தாளர் வருவார். காலையில் முன்னறித் தேர்வு, மாலையில் பின்னறித் தேர்வு, நடுவில் கட்டகம், டீ, சுண்டல், வாட்ஸப் குழுவுக்கு ஒரு குரூப் போட்டோ. எப்படி உள்நுழைவது, எப்படித் தரவிறக்குவது, எந்த வயரை எங்கே சொருகுவது என்பதெல்லாம் அங்கே சொல்லிக் கொடுக்கப்படும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக மவுஸைப் பிடித்த சக ஆசிரியர்களுக்கு அது பெரிய தைரியம். ஹெச்டிஎம்ஐ வயர் கழன்று டிவியில் ‘நோ சிக்னல்’ என்று வந்ததும், பின்வரிசைப் பையன் எழுந்து வந்து சரிசெய்து கொடுக்கும்வரை நிற்பது யாருக்கும் பிடிக்காது.

ஆனால் பொத்தான் தெரிந்த மறுநாள் காலையில் வேறொரு கேள்வி வந்து நிற்கும். ஏழு நிமிட வீடியோ ஓடப்போகிறது. அதை எங்கே நிறுத்துவது? நிறுத்திவிட்டு என்ன கேட்பது? எந்த இடத்தில் ஒலியை அணைத்துவிட்டு நானே பேசுவது? எந்தப் பாடத்துக்கு இந்த டிவியைப் போடாமலே இருப்பது? நான் போன பயிற்சிகளில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்ததில்லை. இதை நான் கற்றது என் வகுப்பிலும், பக்கத்து வகுப்பு வாசலிலும்தான்.

நான் அறிவியல் ஆசிரியர். மீள் மாற்றம், மீளா மாற்றம் என்ற பாடம் ஆண்டுதோறும் வரும். பனிக்கட்டி உருகுவது மீள்வது, தாள் எரிவது மீளாதது என்று பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். ஒரு வருடம் இதற்காக ஒரு வீடியோ போட்டேன். அதில் வட இந்தியக் கிராமம் ஒன்றில் குயவர் சக்கரத்தைச் சுற்றுகிறார், பானை எழுகிறது, சூளைக்குப் போகிறது, பின்னணியில் இனிமையான குரல் விளக்கம் சொல்கிறது. பாதியில் ஒரு பையன் எழுந்து, “சார், எங்க சித்தப்பா விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனில வேல செய்யிறாரு. அங்க சக்கரமே கெடையாது சார். அச்சுலதான் ஊத்துவாங்க,” என்றான்.

வீடியோவை நிறுத்தினேன். அன்று மீதி நேரம் அவன்தான் பாடம் எடுத்தான். குழம்பாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து நடுவில் இருக்கும் குழம்பைத் திருப்பி வெளியே கொட்டிவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை நிற்கும், வயிறு காலியாக. “ஏன் சார் ஓரத்துல மட்டும் ஒட்டிக்குது?” என்று ஒரு பெண் கேட்டாள். அச்சு தண்ணீரை உறிஞ்சுகிறது, அதனால் அச்சை ஒட்டிய மண் மட்டும் இறுகுகிறது என்று நான் சொன்னேன். விருத்தாசலம் பீங்கான் ஊர் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பொது அறிவுக் கேள்வியின் விடை. மின்கம்பத்துக்குப் போகும் பியூஸ் கேரியரும் கொலுவுக்குப் போகும் பொம்மையும் அங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் என் வகுப்பில் அவனைத் தவிர யாரும் இல்லை.

அடுத்த விடுமுறையில் விருத்தாசலம் போய், அனுமதி கேட்டு, செல்போனில் நானே படம் பிடித்தேன். கை நடுக்கத்தோடு, பின்னால் மோட்டார் இரைச்சலோடு, நாலு துண்டுகள். அந்தப் பையனின் சித்தப்பா சுடாமல் உடைந்துபோன ஒரு துண்டையும், சுட்டுத் தேறாமல் ஒதுக்கிய ஒரு துண்டையும் தாளில் சுற்றிக் கொடுத்தார். வகுப்பில் இப்போது வீடியோவை ஓட்டுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. காய்ந்த பொம்மைகள் வரிசையாக அடுக்கியிருக்கும் காட்சியில் நிறுத்திவிடுவேன். “இத தண்ணியில போட்டா என்ன ஆகும்? சூளையிலருந்து வந்த பெறகு போட்டா என்ன ஆகும்? நோட்டுல எழுதுங்க.” எழுதிய பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர், இரண்டு துண்டுகள். சுடாத துண்டு ஓரம் கரைந்து சேறாகி அடியில் உட்காரும். சுட்டது அப்படியே கிடக்கும். காய்வதும் சுடுவதும் இரண்டுமே தண்ணீர் போவதுதானே என்று ஒருவராவது கேட்பார்கள். அங்கேதான் பாடமே தொடங்குகிறது. காயும்போது மண்துகள்களுக்கு நடுவே இருந்த தண்ணீர் போகிறது. திரும்ப ஊற்றினால் திரும்ப வரும். சூளையில் 500, 600 டிகிரியைத் தாண்டும்போது களிமண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்தது பிரிந்து நீராவியாக வெளியேறுகிறது. இன்னும் சூடேறினால் கலவையில் இருக்கும் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோல எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துவிடுகிறது. பிறகு அது களிமண்ணே இல்லை.

டிவி அந்த வகுப்பில் செய்த வேலை கொஞ்சம்தான். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதை உள்ளே கொண்டுவந்து, ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. டம்ளர் செய்ததை டிவியால் செய்ய முடியாது.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். பாடம் தெரிந்திருப்பது ஓர் அறிவு, வகுப்பை நடத்தத் தெரிவது இன்னோர் அறிவு. இவை இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்று ஆசிரியரிடம் மட்டும் இருக்கிறது: இந்தப் பாடத்தில் இந்த வயதுப் பிள்ளைக்கு எது குழப்பும், எந்த உதாரணம் அதை அவிழ்க்கும் என்பது. 2006-இல் புன்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும் இதோடு தொழில்நுட்பத்தைச் சேர்த்தார்கள். தொழில்நுட்பத்தைத் தனியாகக் கற்றுக்கொண்டு வந்து பாடத்தின் மேல் ஒட்டவைக்க முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதை நான் படித்தது பின்னால்தான். படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் எங்கள் கணக்கு டீச்சர்.

ஓய்வுபெற அதிக காலம் இல்லாதவர். பயிற்சிகளில் பின்வரிசையில் உட்கார்ந்து தாள் திருத்துவார். பாடநூலில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பெட்டி வரும்; அதில் ஜியோஜீப்ராவைத் திறக்கும் படிகள் இருக்கும். அந்தப் பக்கத்தை எங்களில் பாதிப் பேர் புரட்டிவிட்டுப் போவோம். இவர் ஒரு கோடை விடுமுறையில் கல்லூரி படிக்கும் மகளை உட்காரவைத்துக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். கற்றது முழு மென்பொருளை அல்ல. முக்கோணம் வரைவது, நடுக்குத்துக்கோடு போடுவது, முனையைப் பிடித்து இழுப்பது, அவ்வளவுதான்.

சுற்றுவட்ட மையம் நடத்தும்போது வாசலில் நின்று பார்த்தேன். குறுங்கோண முக்கோணம் திரையில் இருக்கிறது, மையம் உள்ளே இருக்கிறது. “இந்த முனையை இந்தப் பக்கம் இழுக்கப் போறேன். மையம் எங்க போகும்? எழுதுங்க. எல்லாரும் எழுதின பெறகுதான் இழுப்பேன்.” பாதிப் பேர் உள்ளேயேதான் இருக்கும் என்றார்கள். மெதுவாக இழுத்தார். புள்ளி நகர்ந்து நகர்ந்து, செங்கோணம் வந்த கணத்தில் கர்ணத்தின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது. நிறுத்திவிட்டார். வகுப்பு கத்தியது. “இன்னும் இழுங்க டீச்சர்.” “மொதல்ல எழுது.” பிறகு இழுத்தார், மையம் முக்கோணத்தை விட்டே வெளியே போய்விட்டது. கரும்பலகையில் இதே பாடத்துக்கு மூன்று தனித்தனி முக்கோணங்கள் போடுவோம். அவை மூன்றும் ஒன்றுதான், ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது என்பது கரும்பலகையில் தெரியாது. திரைக்கு ஒரு நியாயம் வேண்டுமென்றால் அது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அந்த நியாயம் இல்லாத இடத்தில் சாக்பீஸே போதும்.

அவரிடம் நான் கற்ற இன்னொன்று, எங்கே நிற்பது என்பது. திரைக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்து நிற்பார். நாங்கள் பலரும் பின்னால் போய் நின்று பிள்ளைகளோடு சேர்ந்து படம் பார்ப்போம். அங்கிருந்து தெரிவது முதுகுகள் மட்டும். முகத்தைப் பார்க்காமல் வீடியோவை எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

சமூக அறிவியல் சார் வேறு வழி. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. கீழச்செருவாய் வெலிங்டன் ஏரியைத் திறந்து வைத்தார். ஒரு வருடம் நீலம், ஒரு வருடம் பழுப்பு. தொழுதூர் அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாயை விரலால் தொட்டுக் காட்டி, “தண்ணி இது வழியாத்தான் வரணும். அப்ப இந்த வருஷம் ஏன் வரல?” என்றார். விடை சொல்லவில்லை, தாத்தாவிடம் கேட்டு வா என்று அனுப்பிவிட்டார். மறுநாள் வந்த விடைகளில் மழையும் இருந்தது, அரசியலும் இருந்தது, ஒரு சண்டைக் கதையும் இருந்தது.

ஆசிரியர்களின் கணினி அறிவு என்று பேசும்போது யாரும் சொல்லாத ஒன்று எழுத்துரு. எங்களுக்கு மெய்யாகவே கஷ்டம் கொடுத்தது அதுதான். ஒருவர் வானவில்லில் அடிப்பார், இன்னொருவர் பாமினியில். வினாத்தாளைப் பென்டிரைவில் எடுத்துப் போய் வேறு கணினியில் திறந்தால் பாதி ஆங்கில எழுத்தும் பாதி கிறுக்கலுமாக வரும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அது எங்கள் விரலுக்கு வந்துசேர வருடங்கள் ஆயின. தமிழ்99 விசைப்பலகையைப் பழகியவர்கள் ஒரு கட்சி, ‘அம்மா’வை ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழாக்குபவர்கள் இன்னொரு கட்சி. 2017-இல் கூகுளில் தமிழில் பேசினால் எழுதும் வசதி வந்ததும் இரண்டு கட்சியும் கலைந்தன. நான் ‘வேதிமாற்றம்’ என்றால் அது ‘வேறு மாற்றம்’ என்று எழுதும், பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். சொந்தமாக ஒரு பக்கம் தட்டச்சு செய்ய முடிந்த பிறகுதான் எங்களில் பலர் சொந்தமாக ஒரு பயிற்சித்தாளைத் தயாரித்தோம்.

கருவியைக் கொடுத்தால் கற்றல் தானாக நடக்கும் என்ற நம்பிக்கைக்கு வயது நூறுக்கு மேல். சினிமா வந்ததும் பள்ளியில் புத்தகமே வழக்கொழிந்துவிடும் என்று 1913-இல் எடிசன் சொன்னார். பெருவில் ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் கிராமப் பள்ளிகளுக்குக் கணினிகளைக் கொடுத்துவிட்டு, அதன் பலனை ஆராய்ந்தார்கள். 2012-இல் வெளிவந்த அந்த ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. எங்கள் கொரோனா காலம் இதையே வேறு விதமாகச் சொன்னது. வீட்டில் ஒரே போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும். 2021 நவம்பர் 1-இல் கீழ்வகுப்புகள் திறந்தபோது எழுத்து மறந்துபோய் வந்த பிள்ளைகளை எந்தச் செயலியும் மீட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுதவைத்துத்தான் மீட்டோம்.

எங்களுக்கு இப்போது குறைவது நேரம். ஓய்வுப் பாடவேளையில் பதிவேற்றம், அது முடிந்தால் இன்னொரு பதிவேற்றம். கணக்கு டீச்சர் வகுப்பை நான் வாசலில் நின்று பார்த்தது தற்செயல். அதிகாரபூர்வமாக அதற்கு ஒரு பாடவேளை கிடையாது. இணையவழிப் பயிற்சியில் வீடியோவை ஓடவிட்டு அடுப்படியில் வேலை பார்த்தாலும் சான்றிதழ் வரும். சக ஆசிரியர் வகுப்பில் அரை மணி உட்கார்ந்ததற்கு எந்தச் சான்றிதழும் வராது.

வரும் குறுவள மையக் கூட்டத்துக்கு என்னைக் கருத்தாளராகப் போட்டிருக்கிறார்கள். மூன்று நிமிட வீடியோ ஒன்றை எல்லாருக்கும் காட்டி, எங்கே நிறுத்துவீர்கள், நிறுத்தி என்ன கேட்பீர்கள் என்று தாளில் எழுதச் சொல்லி, பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னேன். கட்டகத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கணக்கு டீச்சர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், திருத்த வேண்டிய தாள்களோடு.