கீரனூர் வழியே ஒரு கஞ்சிரா யாத்திரை

திருச்சி – புதுக்கோட்டைச் சாலையில் பாதி வழிக்கு வந்ததும் கீரனூர். உத்தமநாதசுவாமி கோயிலைப் பார்க்கவென்று இறங்கினேன். பேருந்தில் வரும்போதெல்லாம் காதில் லிட்டில் வால்டரின் மௌத் ஆர்கன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்து, சிகாகோ தெருக்களில் வாசித்துப் பிழைத்த கருப்பினக் கலைஞர் அவர். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்ட கருவியை மைக்கோடு சேர்த்து இரு கைகளுக்குள் பொத்தி, சாக்ஸபோனுக்கு இணையாக முழங்க வைத்தார். பாட்டே இல்லாத அவருடைய ‘ஜூக்’ 1952-இல் அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1968-இல், 37 வயதில் இறந்துபோனார்.

பிரகாரத்தைச் சுற்றி வரும்போது இன்னொருவரின் நினைவு வந்தது. எந்த மண்ணில் நிற்கிறேன் என்பதும் உறைத்தது. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்து மண் இது. ஒரு சின்னக் கருவியைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளை வாழ்ந்த சீமை. அடுத்த பேருந்தில் புதுக்கோட்டைக்கே போய்விடுவதென்று முடிவு செய்தேன்.

கீரனூரைத் தாண்டினால் நார்த்தாமலைக் குன்றுகள் கூடவே வரும். எங்கு பார்த்தாலும் பாறை; நடுநடுவே கண்மாயும் பனையும். அவற்றைக் கடந்து புதுக்கோட்டைக்குள் போய் ராஜவீதிகளில் நடந்தேன். மான்பூண்டியா பிள்ளை இந்த ஊரில் விளக்குப் பிடிக்கும் வேலை பார்த்தவர் என்று அவருடைய சிஷ்ய பரம்பரையில் சொல்வார்கள். தவில் வித்வான் ஒருவரிடம் லயம் கற்றார். பஜனைக்குத் தட்டும் கருவியாக இருந்த கஞ்சிராவுக்கு, மிருதங்கத்தோடு மல்லுக்கு நிற்கும் வல்லமையைத் தேடிக்கொடுத்தார்.

கஞ்சிராவைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாதனையின் அளவு புரியும். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. பலா மரத்தில் கடைந்த வளையம், ஒரு பக்கம் மட்டும் தோல் (மரபாக உடும்பினுடையது), விளிம்பில் குலுங்கும் ஓரிரு காசுகள், அவ்வளவுதான். மிருதங்கத்துக்கு இரண்டு முகம், இரண்டு கை. கஞ்சிராவுக்கு ஒரு முகம், வாசிக்க ஒரே கை. தோலின் உட்புறம் தண்ணீர் தெளித்துச் சுருதியை இறக்க வேண்டும். காயக் காய அது மேலே ஏறும். பிடித்திருக்கும் கையின் விரல்கள் தோலை அழுத்த, ஒலி குழைந்து ‘கும்கி’ என்னும் நாதம் பிறக்கிறது. மூச்சை இழுத்து ஸ்வரத்தை வளைத்த லிட்டில் வால்டரும், விரலை அழுத்தி நாதத்தை வளைத்த நம்மவரும் ஒரே உண்மையைக் கண்டுகொண்டவர்கள். கருவியின் எல்லை எங்கே முடிகிறது என்பதை வாசிப்பவரின் உழைப்புதான் தீர்மானிக்கிறது.

வால்டருக்கு இசைத்தட்டுகள் இருக்கின்றன. மான்பூண்டியா பிள்ளைக்கு இருப்பவர்கள் சிஷ்யர்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் சிகரம் தொட்டவர். பாடகர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின், பல தாள வாத்தியங்கள் சேரும் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளுக்கு அவர் தூணாக நின்றார். இன்னொரு சிஷ்யர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன்தான் இடக்கை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை. கணக்கும் அழகும் கலந்த அந்த வழியைப் ‘புதுக்கோட்டை பாணி’ என்றே லயக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். பின்னாளில் ஜி. ஹரிசங்கர் ஒற்றைக் கையின் வேகத்தால் கஞ்சிராவை வேறொரு உயரத்துக்குக் கொண்டுபோனார். 2024-இல் கிராமி விருது பெற்ற ‘சக்தி’ குழுவில் கஞ்சிரா வாசித்தவர் வி. செல்வகணேஷ்.

மறுநாள் காலை அதே சீமையிலுள்ள குடுமியான்மலைக்குப் போனேன். மேலைக்கோயில் குடைவரையின் பக்கத்துப் பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக ஸ்வரக் கோவைகள். 7-ஆம் நூற்றாண்டின் இசையைக் கல்லிலேயே வெட்டிவைத்த சீமை இது. ஆனால் ஒரு வித்வானின் விரல் அழுத்தத்தை எந்தக் கல்லிலும் வெட்ட முடியாது. குருவின் எதிரே உட்கார்ந்து, வாயால் சொல்லி, கையால் வாசித்துத்தான் அதைக் காப்பாற்ற முடியும். அப்படிக் காப்பாற்றித் தந்தவர்களை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வெளியே போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அடுத்த முறை உட்கார்ந்து கேளுங்கள். மிருதங்கம் முடித்த இடத்தில் கஞ்சிரா எடுத்துப் பதில் சொல்லும். பெற்றோர்களே, கஞ்சிரா கற்க ஆசைப்படும் பிள்ளையிடம் ‘முதலில் பெரிய வாத்தியம்’ என்று சொல்லித் தடுக்காதீர்கள். புதுக்கோட்டைக்காரர்களே, உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மன்னர்களின் பெயர்களோடு மான்பூண்டியா பிள்ளையின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.