ஆறு அங்குல ஆறு

மிஸ் கேரளா என்று ஊர் பெயர் வைத்த மீனுக்குக் கண்ணாடித் தொட்டி இயல்பான இடமல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை ஓடைகளில், பாய்ந்து வரும் நீரில் கூட்டமாக எதிர்நீச்சல் போட்டு வாழும் இனம் அது. வெள்ளி உடலில் மூக்கிலிருந்து கிளம்பும் சிவப்புக் கோடு, அதன் கீழே வாலை நோக்கி ஒரு கறுப்புக் கோடு. மலையாளத்தில் சோரக்கண்ணி. 1865-இல் இதை உலகுக்கு அறிமுகப்படுத்திய பிரான்சிஸ் டே, அன்றைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். 1997-இல் சிங்கப்பூர் அக்வாரமா கண்காட்சியில் பரிசு வாங்கிய பிறகு ஏற்றுமதி சூடுபிடித்தது. ஓடைகளில் வலைகள் பெருகின. 2008-இல் கேரள அரசு கட்டுப்பாடு விதித்தது. இன்று சர்வதேச சிவப்புப் பட்டியலில் இது அழிவை எதிர்நோக்கும் இனம்.

திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற அரசு ஊழியரின் வீட்டு ஹாலில் இந்த இனத்தில் ஆறு மீன்கள் வந்து சேர்ந்தன. பண்ணையில் பெருக்கியவை என்று கடைக்காரர் உறுதி சொன்ன பிறகே வாங்கினார். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்: ஏறத்தாழ 250 லிட்டர் தொட்டி. ஓடையின் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஓடையையும் கொஞ்சம் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கட்சி. அதாவது தண்ணீர் மணிக்கு நான்கைந்து முறையாவது சுத்திகரிப்பானுக்குள் போய்வர வேண்டும். மூலையில் குமிழி விடும் சிறிய ஸ்பாஞ்சால் அது முடியாது.

தொட்டிக்கு வெளியே, தரையில் வைக்கும் மூடிய குடுவை வடிவ ஃபில்டர்களை ஜெர்மனியின் எஹைம் நிறுவனம் 1960-களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இறக்குமதிச் சரக்கின் விலை பென்ஷன்காரரின் மாத பட்ஜெட்டோடு ஒத்துப்போகவில்லை. எனவே அவர் சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். ராஜா கேசவதாசன் திவானாக இருந்த காலத்தில் உருவான அந்தக் கடைத்தெருவில் தமிழ் பேசும் வியாபாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஹார்டுவேர் கடை அண்ணாச்சி கேள்வி கேட்காமல் எடுத்துப் போட்டார்: இரண்டடி நீளத்துக்கு ஆறு அங்குல பிவிசி கழிவுநீர்க் குழாய், அடியில் ஒட்ட ஒரு மூடி, மேலே ரப்பர் வளையத்தோடு கூடிய திருகு மூடி, டேங்க் நிப்பிள் இரண்டு, பால் வால்வு இரண்டு, டெஃப்லான் டேப். ஏர்கூலரில் ஓடும் 18 வாட் பம்ப் பக்கத்துக் கடையில் கிடைத்தது. எல்லாம் இரண்டாயிரம் ரூபாய்க்குள்.

தொட்டியிலிருந்து வரும் குழாய் குடுவையின் அடியில் நுழைகிறது. நீர் உள்ளேயிருக்கும் அடுக்குகள் வழியாக மேலேறுகிறது. மூடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பம்ப் அதைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. இத்தனை சின்ன பம்ப் தரையிலிருந்து தொட்டி உயரத்துக்கு நீரை எப்படி ஏற்றும் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். இரட்டை வாளிக் கிணற்றில் ஒரு வாளி இறங்க மறு வாளி ஏறுவதைப் போலத்தான். இறங்கும் நீரின் கனமே ஏறும் நீரைத் தாங்குகிறது. குழாயின் உராய்வையும் அடுக்குகளின் தடையையும் வெல்வதுதான் பம்ப்பின் வேலை.

சிக்கல் மூடியில் இருக்கிறது. நீர்மட்டம் ஒரு மீட்டர் மேலே இருந்தால், ஆறு அங்குல மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை ஏறத்தாழ 20 கிலோ. அடுக்களை பிளாஸ்டிக் டப்பாக்களில் செய்கிறவர்கள் வீட்டை நனைத்துக்கொள்வது இதனால்தான். அவர் குடுவையை மூன்று நாள் குளியலறையில் நீர் நிரப்பி, காகிதம் விரித்து, ஈரம் கசிகிறதா என்று பார்த்தார். நீர் எடுக்கும் குழாயில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளையும் போட்டார். எங்காவது இணைப்பு கழன்றால் மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். தொட்டி முழுவதும் ஹாலுக்கு வராது. தண்ணீரும் மின்சாரமும் இவ்வளவு நெருக்கமாக வாழும் இடத்தில் இஎல்சிபி இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார்.

உள்ளே என்ன போடுவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஃபில்டர் என்றால் வடிகட்டி என்ற நினைப்பு. அழுக்கை வடிப்பது அதன் சில்லறை வேலை. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாதான் முதலாளி. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க விடாது. இன்னொரு கூட்டம் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. 1877-இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் வடியவிட்டு இதைக் கண்டார்கள். குளோரோஃபார்ம் ஆவி செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆக, வேலை செய்தது உயிர்தான். இந்தப் பிவிசி குழாய் அந்தக் குழாயின் பேரப்பிள்ளை.

குடியிருப்புக்கு இடம் வேண்டும். அடியில் சோப்புக் கலக்காத பாத்திரம் தேய்க்கும் நைலான் ஸ்க்ரப்பர், அதன்மேல் ஸ்பாஞ்ச், அதன்மேல் பழைய ஓட்டுக் கூரையிலிருந்து உடைத்த சில்லுகள், உச்சியில் பஞ்சு. குடித்தனம் நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம். அதுவரை மீனில்லாத் தொட்டியில் அம்மோனியா மட்டும் துளித்துளியாக. கழுவும்போது குழாய் நீர் கூடாது. அதிலுள்ள குளோரின் குடிகளைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் ஒரு முக்கு போதும்.

திருவனந்தபுரத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. சென்னையின் பல ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீர் கடினமானது. அருவிக்கரையிலிருந்து வரும் கரமனை ஆற்று நீரோ மென்மையானது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்குள் பாக்டீரியா ஏழு கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மையைத் தின்றுவிடுகிறது. மென்னீரில் அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்து, நீர் புளித்து, பாக்டீரியா சோம்பிவிடும். பார்க்கத் தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருக்கும். அவர் ஒரு கைப்பிடி காயல் கிளிஞ்சலைக் கழுவிக் குடுவையில் போட்டார். நீர் புளிக்கப் புளிக்க அது கரையும்.

கிளிஞ்சலால் தீராத தொல்லை துலாவர்ஷம். அக்டோபர், நவம்பர் மாலைகளில் இடி இறங்கினால் மின்சாரம் போகும். பம்ப் நின்ற குடுவை மூடிய அறை. உள்ளிருக்கும் கோடிக்கணக்கான உயிர்கள் மிச்ச ஆக்ஸிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் பம்ப் அந்த அழுகல் நீரை நேரே மீன்களிடம் கொண்டுபோகும்.

ஒரு அக்டோபர் இரவில் மின்தடை ஒன்பது மணி நேரம் நீண்டது. இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் வால்வுகளை மூடி, குடுவையைத் திறந்து, ஓட்டுச் சில்லுகளைத் தட்டில் பரப்பி நனைத்துக்கொண்டே இருந்தார். குடுவை நீர் வாழைக்கு. தொட்டியில் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று, ஓடை மீனுக்கு அரைவயிற்றுக் கஞ்சி மாதிரி. விடிவதற்குள் ஆறில் ஒன்று மேற்பரப்பில் வாய் திறந்து திறந்து அடங்கிவிட்டது. ஐந்து தப்பின.

அடுத்த மாதம் வீட்டுக்கு இன்வர்ட்டர் வந்தது. எந்தெந்த இணைப்பு அதில் சேரும் என்ற பேச்சில், டிவியை எடுத்துவிட்டுப் பம்ப்புக்குக் கொடுக்கச் சொன்னது அவர் மனைவிதான். மழை இரவுகளில் அவருடைய சீரியல் பாதியில் நின்றுபோகிறது.